அப்பா வாயில் ஒட்டிக்கொண்ட பெயர்

நாற்பத்து மூன்று வயதில், அப்பா மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, எனக்கு ஒரு மீன்காரியின் மேல் வயிறு எரிந்தது. அவள் பெயர் கோகிலா. பட்டினப்பாக்கத்தில் லூப் ரோட்டுப் பக்கம் மீன் விற்கிறாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் என் அப்பாவிடம் ஓட்டம் கற்றவள். எரிச்சல் எட்டாம் வகுப்பிலிருந்தே இருந்ததுதான். ஆஸ்பத்திரியில் அது இன்னும் மோசமாகிவிட்டது.

அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது. நான் தேனாம்பேட்டையில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன் மேசையில் உட்கார்ந்திருப்பவள். அந்த டாக்டர்தான் சொன்னார், "உமா, பக்கவாதம் வந்த வீட்டுல என்னென்ன நடக்கும்னு எழுதுங்க, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்று. எழுத உட்கார்ந்தால் கோகிலாதான் முன்னால் வந்து நிற்கிறாள். அவளை விட்டுவிட்டு எழுதினால் பாதிக்கு மேல் பொய்யாகிவிடும். அதனால் அவளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அப்பா மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் முப்பத்தைந்து வருஷம் பி.டி. மாஸ்டர். அந்தப் பள்ளியில் மைதானம் என்று ஒன்று கிடையாது. பிரேயருக்கு நிற்கவே இடம் போதாது. அதனால் பிள்ளைகளைக் காலையில் கடற்கரைக்குக் கூட்டிப் போய் ஓட விடுவார். ஈர மணலில் ஓடினால் அவருக்குப் பிடிக்காது, அது கெட்டியாக இருக்கும், சுலபம். காய்ந்த மணலில்தான் ஓட வேண்டும். கால் புதையப் புதைய ஓடிப் பழகினால் தரையில் பறக்கலாம் என்பார். அவருடைய குரல் கலங்கரை விளக்கம் வரை கேட்கும் என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். வீட்டில் அந்தக் குரலை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மா போன் செய்தாள். "உமா, உங்கப்பா எழுந்ததுலேந்து பேச மாட்டேங்கறாரு. காபியும் அப்படியே இருக்கு. நேத்து நான் ஏதோ சொல்லிட்டேன், அதுக்குக் கோவிச்சுக்கினாரு போல."

அப்பா கோபித்துக்கொண்டால் பேசாமல் இருக்கிற ஆள்தான். அதனால் அம்மா ஒரு மணி நேரம் அவரோடு பதிலுக்குப் பேசாமல் இருந்திருக்கிறாள். அதற்கு மேல் பொறுக்காமல்தான் எனக்குப் போன். நான் தி. நகரிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தால், வாய் ஒரு பக்கம் இறங்கி, எச்சில் பனியனை நனைத்திருந்தது. வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்க்கவே இல்லை, ஏனென்றால் அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் கோபமாக இருந்தாள். பாவம், அதை நினைத்து இன்றைக்கும் அழுகிறாள்.

அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கேஷுவால்டியில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் கட்டி அடைத்துக்கொள்கிறது, அதைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது, ஆனால் ஆரம்பித்த சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் உண்டு. தூக்கத்தில் வந்துவிட்டால் எப்போது ஆரம்பித்தது என்று யாருக்குத் தெரியும்? ராத்திரி பத்து மணிக்குப் படுத்தார், காலையில் இப்படி இருக்கிறார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஊசிக்கான நேரம் தாண்டிவிட்டது என்றார்கள். இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, கோபமா தாபமா என்று யோசிக்காதீர்கள். உடனே கிளம்புங்கள்.

அடிபட்டது மூளையின் இடது பக்கம். அதனால் வலது கையும் காலும் போயின. பேச்சும் அந்தப் பக்கம்தானாம், அதுவும் போயிற்று. விழுங்குகிற சக்தியும் குறைந்துவிட்டதால் வாய்வழியாகத் தண்ணீர் கூடத் தரக்கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும் என்று மூக்கில் குழாய் போட்டார்கள். ஐ.சி.யூ.வில் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிஷம்தான் பார்க்க விடுவார்கள். மீதி நேரம் வெளியே வரிசையாகப் போட்ட இரும்பு நாற்காலிகளில் கிடக்க வேண்டும். பக்கத்தில் நங்கநல்லூர்க்காரர் ஒருவர், அவருடைய மனைவிக்கும் இதே வியாதி. என் போனில் சார்ஜ் போனால் தன்னுடைய வயரைப் பிடுங்கி எனக்குத் தந்துவிடுவார். என் வீட்டுக்காரர் ஆபீஸ் போகும் வழியில் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டுப் போவார். அவருக்குச் சமைக்கத் தெரியாது. முதல் நாள் சாம்பாரில் உப்பு இல்லை, மறுநாள் அந்த உப்பும் சேர்த்து இருந்தது. அம்மாவும் நானும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் காலையில் நான் உள்ளே போனபோது அப்பா கண்ணைத் திறந்தார். என்னை நன்றாகப் பார்த்தார். "அப்பா" என்றேன். வாயைக் கோணிக்கோணி ஏதோ முயற்சி செய்து, கடைசியில் தெளிவாகச் சொன்னார்.

"கோகிலா."

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

"கோகிலா" என்றார் மறுபடியும், உதட்டைக் காட்டி. தண்ணீர் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நர்ஸ் வந்து பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். வலி இருக்கிறதா என்று கேட்டாள். "கோகிலா" என்றார். ஊசி குத்தினாள். "கோகிலா, கோகிலா" என்றார் கோபமாக.

"யாருக்கா கோகிலா? நீங்களா?" என்றாள் நர்ஸ்.

"இல்ல."

"அப்ப அம்மா பேரா?"

"இல்ல."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பரவாயில்லை. அவள் பார்த்த பார்வை இருக்கிறதே. வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். "கட்டுன பொண்டாட்டி பேரு வாயில வரல பாரு. அந்த மீன்காரப் பொண்ணு பேருதான் வருது. நல்லா இருக்கட்டும், ஏதோ பேசுறாரே." அம்மாவுக்கு அப்படி ஒரு மனசு. எனக்கு அது வாய்க்கவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்து விளக்கினாள். சின்னப் பெண், பொறுமையாகப் பேசினாள். மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டால், சொல்ல நினைப்பது உள்ளே சரியாக இருக்கும், ஆனால் வாய்க்கு வராது. சிலருக்கு ஒரே ஒரு வார்த்தை மட்டும் தப்பிப் பிழைத்து நிற்கும். எதைச் சொல்ல நினைத்தாலும் அதுதான் வரும். "அவங்க தேர்ந்தெடுத்துச் சொல்றது இல்லைங்க அது. எங்க பேஷன்ட் ஒருத்தர் மூணு மாசம் ‘திங்கக்கிழமை’ன்னு மட்டும்தான் சொல்லிட்டு இருந்தார். திங்கக்கிழமை மேல அவருக்கு என்ன பாசம் இருக்கப் போகுது?"

அப்பாவும் திங்கட்கிழமை என்று சொல்லியிருந்தால் எனக்கு என்ன வந்தது? செவ்வாய், புதன் என்று எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். உலகத்தில் இருக்கிற வார்த்தை எல்லாம் செத்துப்போய் கோகிலா மட்டும் பிழைப்பாளாம், அதைக் கேட்டு நான் தலையாட்ட வேண்டுமாம்.

என் எரிச்சல் எங்கே ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில், எனக்கும் ஓட வேண்டும் என்று அடம்பிடித்து ஒரு நாள் அப்பாவோடு கடற்கரைக்குப் போனேன். காய்ந்த மணலில் ஒரு ஐம்பது அடி ஓடியிருப்பேன், விழுந்துவிட்டேன். அப்பா வந்து தூக்கி, பாவாடையில் இருந்த மணலைத் தட்டிவிட்டு, "போதும் கண்ணு, முடியலன்னா விட்டுடு" என்றார். ஒரு படகில் உட்கார வைத்தார். பிள்ளைகளின் செருப்பையும் பையையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கோகிலா என்னைவிட ஒரு வயசு பெரியவள், குப்பத்துப் பெண், ஒல்லியாக இருப்பாள். அவளும் அன்றைக்கு விழுந்தாள். அவளை அப்பா தூக்கவில்லை. "யாரு உன்ன படுக்கச் சொன்னது? எழுந்திரு. அந்தக் கட்டுமரத்தைத் தொட்டுட்டு வா" என்று கத்தினார். அவள் எழுந்து ஓடினாள். தொட்டதும், "யாரு நிக்கச் சொன்னது? அந்தத் தூண்" என்றார். அதையும் தொட்டாள். அதுதான் அவர் முறை. எங்கே போய்ச் சேர்ந்தாலும் அடுத்தது ஒன்றைக் காட்டுவார், சபாஷ் சொல்ல மாட்டார். நான் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். என்னையும் அப்படி ஒரு தடவை கத்தமாட்டாரா என்று இருந்தது. அதற்குப் பிறகு அவர் என்னை ஓடக் கூப்பிடவே இல்லை.

கோகிலா மாவட்ட அளவு வரை நானூறு மீட்டர் ஓடினாள். அதற்கு மேல் வீட்டில் விடவில்லை, கல்யாணம், குழந்தைகள், மீன் வியாபாரம் என்று போய்விட்டது. ஆனால் அப்பா ரிட்டையர் ஆன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளிடம்தான் மீன் வாங்குவார். கால் கிலோ மீன் வாங்க ஒரு மணி நேரம் நிற்பார். என் வீட்டுக்கு வந்தால் அரை மணியில் கிளம்பிவிடுவார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர் போகவில்லை அல்லவா, பதினொரு மணிக்கு அவர் போன் அடித்தது. அது என் பையில் இருந்தது.

"இன்னா சார், இன்னிக்கி ஆளக் காணோம்? வஞ்சிரம் எடுத்து வெச்சிக்கினு ஒக்காந்துகினு கீறேன்."

விஷயத்தைச் சொன்னேன்.  எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டாள். ஒரு மணி நேரத்தில் கீழே வந்து நின்றாள். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும், புடவையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. நான் கீழே இறங்கிப் போய் லிஃப்ட் பக்கத்திலேயே அவளை நிறுத்திவிட்டேன்.

"சார் பொண்ணு, சாரு எப்டி கீறாரு? பேசுறாரா?"

"பேச்சு போயிடுச்சு கோகிலா."

அது முதல் பொய். அப்போது மேலே அவர் அவள் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு தபா பாத்துட்டு வந்துடறேனே."

"யாரையும் விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இன்பெக்ஷன் ஆயிடும். நீ வேற மீன் கையோட வந்திருக்க."

அவள் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். இரண்டையும் முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "குளிச்சிட்டு வரட்டா?" என்றாள்.

"வேணாம், நான் சொல்லியனுப்பறேன்" என்றேன். டாக்டர் இல்லை, சாயங்காலம் வாங்க, நாளைக்கு வாங்க என்று சொல்லிச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். முகம் மாறாமல் சொல்ல எனக்கு நன்றாகவே வரும். அவள் போய்விட்டாள். மறுநாளிலிருந்து தினமும் போன் செய்தாள். தினமும் "இன்னும் ஐ.சி.யூ.லதான்" என்றேன். ஒன்பதாம் நாள் அப்பாவை வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அதற்குப் பிறகும் "ஐ.சி.யூ.லதான்" என்றேன். அந்தப் பக்கத்து வார்டில் இருந்தவர்களுக்குக்கூட அவள் பெயர் மனப்பாடம் ஆகிவிட்டது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

வார்டில் பிசியோதெரபிஸ்ட் வந்தார். பக்கவாதத்தில் முதல் சில வாரங்கள் முக்கியம் என்றார். அடிபட்ட மூளை வேறு வழி கண்டுபிடிக்கும், ஆனால் காலை நடக்க வைத்து வைத்துத்தான் அதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும். அப்பாவின் இடுப்பில் ஒரு பெல்ட் கட்டி, அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து நிற்க வைப்போம். அப்பா ஓர் அடி வைப்பார். முகம் சுளிப்பார். "கோகிலா" என்பார், முடியவில்லை என்ற அர்த்தத்தில்.

"முடியலன்னா விட்டுடுங்கப்பா" என்பேன் நான்.

உடனே உட்கார்ந்துவிடுவார். தினமும் இதே கதை. அப்பா என்னிடம் எப்படிப் பேசினாரோ அப்படித்தானே எனக்கு அவரிடம் பேச வரும்? அன்பாக இருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் இப்படிப் போனது. ஒரு வியாழக்கிழமை பிசியோதெரபிஸ்ட் என்னை வெளியே கூப்பிட்டார். "இப்படியே போனா படுத்த படுக்கைதான்மா. முதுகுல தோல் சிவக்க ஆரம்பிச்சிடுச்சு. ஸ்போர்ட்ஸ் மாஸ்டர்னு சொன்னீங்க, இவ்வளவு சீக்கிரம் விட்டுடறாரே. யார் சொன்னா கேப்பாரு இவரு?"

எனக்குப் பதில் தெரியும். "தெரியலீங்க" என்றேன்.

வியாழன் போனது, வெள்ளி போனது. அந்த இரண்டு நாளும் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். அவள் வந்து, அவர் எழுந்து நடந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். நடக்காமலே போய்விட்டால் என்ற பயமும் இருந்தது, ஆனால் முதல் பயம்தான் பெரிதாக இருந்தது. சனிக்கிழமை காலையில் அம்மா அவர் முதுகைத் துடைத்துக்கொண்டே, "இங்க பாருடி, உரிஞ்சு வந்துடுச்சு" என்றாள். ஒரு ரூபாய்க் காசு அகலம் தோல் போயிருந்தது. நான் வராந்தாவுக்கு வந்து கோகிலாவுக்குப் போன் செய்தேன்.

மறுநாள் மத்தியானம் வந்தாள். தலைக்குக் குளித்து, ஈரம் காயாமல் பின்னி, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் வந்தாள். சோப்பு வாசனை தூக்கலாக இருந்தது. கையை எத்தனை தடவை தேய்த்தாளோ, விரலெல்லாம் வெளுத்திருந்தது.

"எப்போ ஐ.சி.யூ.லேந்து இங்க மாத்துனாங்கம்மா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"அது ஆச்சே, பத்து பதினோரு நாளு" என்றாள் அம்மா, ஒன்றும் தெரியாமல்.

கோகிலா என்னைப் பார்த்தாள்.  நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்பா அவளைப் பார்த்து "கோகிலா" என்றார். மூத்திரச் சட்டிக்குச் சொன்ன அதே தொனிதான், எனக்கு ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. கோகிலாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பேச்சு வரலன்னியே சார் பொண்ணு, பேரு சொல்றாரே" என்றாள். நான் விடுவேனா? "அது வியாதி. எல்லாத்துக்கும் அந்த ஒரு வார்த்தைதான் வருது, தண்ணிக்கும் அதான்" என்றேன். சரிதான் என்பது போலத் தலையாட்டினாள். அதற்குள் அப்பா இடது கையால் சட்டைப் பொத்தானைத் தேட ஆரம்பித்திருந்தார். ஒரு கையால் போட முடியாமல் தடவிக்கொண்டே இருந்தார். எங்கள் முன்னால் மூன்று வாரமாகத் திறந்த மார்போடு கிடந்த மனுஷன்.

கோகிலா போட்டுவிடப் போகவில்லை. அவர் ஒரு பொத்தானைப் போட்டு முடிக்கிற வரை நின்றாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"இன்னா சார் இது? மணி இன்னா ஆவுது, இன்னும் படுத்துக்கினு கீறீங்க? எழுந்திரிங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. அப்பா கட்டிலின் விளிம்பைப் பிடித்தார். பிசியோதெரபிஸ்ட் ஓடிவந்து பெல்ட்டைக் கட்டினார்.

"அந்தத் தண்ணி கேன் கீதுல்ல, அத்தத் தொட்டுட்டு வரணும்."

அப்பா ஓர் அடி வைத்தார். முகம் சுளித்தார். "கோகிலா" என்றார் கெஞ்சலாக. நான் வாயைத் திறந்துவிட்டேன், முடியலன்னா என்று சொல்ல. அவள் என் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கோகிலா இங்கதான் கீறா. கேன் அங்க கீது. போங்க."

போனார். காலை இழுத்து இழுத்து, வியர்த்து ஊற்ற, போய்த் தொட்டார். தொட்டுவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"யாரு சார் நிக்கச் சொன்னது? அந்தக் கதவு."

அப்பா அழுதுகொண்டே போனார். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அவர் நடக்கிறார் என்று நெஞ்சு பொங்கியது, அதே நெஞ்சில்தான் நெருப்பும் எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு கேன்டீனுக்குப் போய் டீ வாங்கினேன், இரண்டு பேருக்கும். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவள் டீயை ஆற்றிக்கொண்டே பேசினாள்.

"உன்ன சாரு ஒரு நாளும் திட்னதே இல்லியா?"

"இல்ல."

"எங்கள திட்டாத நாளே கெடயாது. எட்டு வருசம் ஓடுனேன். ஒரு தபாவாவது ‘போதும் கண்ணு’ன்னு சொல்லுவாரான்னு பாத்துக்கினே இருந்தேன். வாயே தொறக்கல. ஒனக்குதான் சொன்னாரு, நீ ஒரு நாளுதான் வந்த. அன்னிக்கி நைட்டு எனக்குத் தூக்கமே வரல, தெரியுமா?"

நியாயமாக அந்த இடத்தில் எனக்கு மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. சந்தோஷமாக இருந்தது. அவளுக்குக் கிடைக்காதது ஒன்று என்னிடம் இருக்கிறது, அது முப்பது வருஷமாக அவளுக்கும் வலித்திருக்கிறது என்று வெட்கமே இல்லாமல் சந்தோஷப்பட்டேன். அவளுக்கு ஒரு வடை வாங்கித் தந்தேன்.

மறுநாள் காலையில் அவள் இல்லாதபோது நானும் முயற்சி செய்தேன். இடுப்பில் கை வைத்து, "யாருப்பா நிக்கச் சொன்னது?" என்றேன். குரல் பாதியில் உடைந்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்து, ஒரு பக்க வாயால் சிரித்தார். சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகவே போனது. மூக்குக் குழாயை எடுத்தார்கள். தண்ணீரில் ஒரு பொடியைக் கலந்து கூழாக்கி ஸ்பூனில் கொடுத்தோம், அப்போதுதான் மூச்சுக்குழலுக்குப் போகாது. வீட்டுக்கு வந்தோம். கோகிலா வியாபாரம் முடிந்ததும் தினமும் வந்து தெருக்கோடி வரை நடத்திக் கூட்டிப் போவாள். நான் கிளினிக்கில் உட்கார்ந்து அம்மாவின் போனுக்காகக் காத்திருப்பேன். "இன்னிக்கி டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போனாரு, உமா." நல்லது என்பேன். ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டிப் போனால் பக்கத்து வீட்டு கேட்டோடு சரி.

பேச்சும் மெல்ல வந்தது. பேச்சுப் பயிற்சிப் பெண் படம் போட்ட அட்டைகளைக் காட்டிச் சொல்ல வைப்பாள். முதலில் ‘வேணாம்’ வந்தது. பிறகு ‘தண்ணி’, ‘காபி’, ‘போ’. மூன்றாம் மாதத்தில் என் போட்டோவைக் காட்டியபோது வெகுநேரம் திணறி, "உமா" என்றார். நான் அறைக்குள் போய் அழுதேன். போட்டோவைக் காட்டினால்தான் வரும், நேரில் நான் போய் நின்றால் வராது. இருந்தாலும் வந்ததே. ஒவ்வொரு வார்த்தை வரும்போதும் கோகிலா ஓர் இடத்திலிருந்து விலகினாள். தண்ணீர் தண்ணீராயிற்று, காபி காபியாயிற்று. நான்காம் மாதத்தில் அவர் கோகிலா என்று சொன்னால் கோகிலாவைத்தான் சொன்னார். "இனிமே அவர் சொல்றது எல்லாம் யோசிச்சுச் சொல்றதுதாங்க" என்று அந்தப் பெண் சந்தோஷமாகச் சொன்னாள்.

ஐந்தாம் மாதம் சளி பிடித்தது. விழுங்குவது முழுசாகச் சரியாகவில்லை, ஏதோ ஒரு வாய் உள்ளே போய் நுரையீரலில் தங்கிவிட்டது. நிமோனியா. மறுபடி அதே ஆஸ்பத்திரி. வயசு எழுபத்து நாலு, நெஞ்சில் பலமில்லை, மருந்துக்கு அடங்கவில்லை. மூச்சுக்கு மெஷின் வேண்டுமா என்று கேட்டார்கள். அது போட்டால் திரும்ப எடுக்க முடியுமா என்று அம்மா கேட்டாள். டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை. அம்மா வேண்டாம் என்றாள். ஆக்சிஜன் மட்டும் வைத்து, வார்டில் ஒரு தனி அறை கொடுத்தார்கள்.

இரண்டாம் நாள் காலை பத்தரை மணி. அம்மா குளிக்க வீட்டுக்குப் போயிருந்தாள். கோகிலாவுக்குச் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை உடனே சொல்லிவிட்டேன், அவள் வந்துகொண்டிருந்தாள். அப்பா கண்ணைத் திறந்தார். கண் மிகவும் தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்தார். மாஸ்க்கைத் தள்ளச் சொல்லிக் கை காட்டினார். தள்ளினேன்.

"கோகிலா?" என்றார்.

கேள்விதான். வந்துவிட்டாளா என்று கேட்டாரா, நீ கோகிலாவா என்று கேட்டாரா, அல்லது சும்மா ஆஜர் கூப்பிட்டாரா, தெரியாது. வியாதி என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. யோசித்துச் சொன்ன வார்த்தை அது.

மறுபடியும், "கோகிலா?"

"இருக்கேன் சார்" என்றேன்.

அவரை நான் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தலையை ஆட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். கால் மணி நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு பத்து நிமிஷம் கழித்து கோகிலா வந்தாள். படி ஏறி ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. அவர் காலடியில் நின்று பார்த்தாள். அழவில்லை. என்னிடம் கேட்டாள், "கடசியா எதுனா சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல கோகிலா. தூக்கத்துலயே போயிட்டாரு."

"நல்ல சாவு" என்றாள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போகிறேன். அவள் நல்ல மீனாகப் பார்த்து எடுத்துப் போடுகிறாள், சாரைப் பற்றிப் பேசுகிறாள், நான் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு வாரமும் சொல்லிவிடலாம் என்றுதான் போகிறேன், பையை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறேன். நேரில் எனக்கு வராது போலிருக்கிறது. உனக்கு உட்கார்ந்து படிக்க நேரம் இருக்காது, உன் பெண் பத்தாவது படிக்கிறாள் அல்லவா, அவளை விட்டு இதைப் படிக்கச் சொல்லிக் கேள், கோகிலா. அவர் கடைசியாகக் கூப்பிட்டது உன்னைத்தான், இரண்டு தடவை. நீ இல்லை. இருக்கேன் சார் என்று சொன்னது நான்.